கறுப்பில் இத்தனை கறுப்பா? தெரியுமா!

தாம்பரம் மேற்கில் சண்முகம் சாலைப் பக்கம் ஏதாவது ஒரு மேட்சிங் சென்டருக்குள் போய், ‘பிளைன் பிளாக் காட்டன் வேணும்’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தானை எடுத்து மேசைமேல் பொத்தென்று போடுவார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ‘அண்ணா, இன்னும் ரெண்டு மூணு கறுப்பு எடுங்களேன்’ என்று கேளுங்கள். பாப்ளின் ஒன்று, காம்பிரிக் ஒன்று, டூ பை டூ ரூபியா ஒன்று, லைனிங் துணி ஒன்று வரும். நான்கின் முனைகளையும் ஒன்றையொன்று தொட வைத்து, கடை வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். உள்ளே டியூப் லைட்டில் நான்கும் அச்சு அசல் ஒரே கறுப்பு. வெளியே? ஒன்று கருநீலம்! ஒன்றில் பச்சை எட்டிப் பார்க்கிறது! ஒன்று பழுப்படிக்கிறது! இன்னொன்று கறுப்பே இல்லை, அடர்ந்த சாம்பல்!

கடையில் கறுப்பு என்ற பெயரில் விற்பதெல்லாம் நீலக் கறுப்பு, பச்சைக் கறுப்பு, செங்கறுப்பு, பழுப்புக் கறுப்புதான். ஜாக்கெட்டுக்கோ பாவாடைக்கோ எடுத்தால் இது யார் கண்ணிலும் படாது. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, நடுவே பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற க்வில்ட் போர்வைக்கு எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இரண்டு கடைகளில் வாங்கிய கறுப்பு பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டால், ஜன்னல் வெயில் விழும் முதல் காலையிலேயே தெரிந்துவிடும். அதற்குள் தையல் முடிந்திருக்கும்!

இது எப்படி நடக்கிறது தெரியுமா? பருத்தியைக் கறுப்பாக்க இன்று மிகப் பரவலாகப் பயன்படும் சாயங்களில் ஒன்று ரியாக்டிவ் பிளாக் 5. பெயரில்தான் பிளாக். கொஞ்சமாக ஏற்றினால் துணி கருநீலம்தான் ஆகும்! அதனால் சாயப் பட்டறையில் அதோடு ஆரஞ்சும் சிவப்பும் சேர்த்து நீலத்தை அமுக்குகிறார்கள். ஆரஞ்சு துளி குறைந்தால் கறுப்பு நீலம் பாயும், கூடினால் பழுக்கும். பட்டறைக்குப் பட்டறை, லாட்டுக்கு லாட் இந்தக் கலவை மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் போர்வையின் கன்னங்கரேல் கறுப்புக்குள் ஓர் ஆரஞ்சு ஒளிந்திருக்கிறது! சந்தேகமாக இருந்தால் வெட்டி எறியும் துண்டுகளில் ஒரு சொட்டு ப்ளீச் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கறுப்பும் ஒவ்வொரு நிறமாக வெளுக்கும்.

ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணிகள் இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரிவதை மெட்டாமெரிசம் என்பார்கள். ஏற்றுமதித் தொழிலில் இதைப் பிடிக்கவே லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நமக்குக் கடை வாசல் போதும். ஆனால் பகலில் போகவேண்டும். ராத்திரி எட்டு மணிக்குக் கறுப்புத் துணி எடுக்காதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு மீட்டர் கறுப்புக்குப் பின்னால் எவ்வளவு உப்பு இருக்கிறது தெரியுமா? ரியாக்டிவ் சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடாமல் பருத்திக்குள் ஏற உப்பு வேண்டும். இளநிறங்களுக்குக் கொஞ்சம் போதும். கறுப்புக்கு லிட்டருக்கு 80 கிராம், சில சமயம் அதற்கு மேலும் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 800 கிராம் உப்பு! ஒரு கிலோ பாப்ளின் என்பது ஏழெட்டு மீட்டர்தான். சாயமும் அப்படியே. இளநிறத்துக்குத் துணியின் எடையில் ஒரு சதவீதம்கூடத் தேவைப்படாது, கறுப்போ ஐந்து, ஆறு சதவீதம் குடிக்கும். இத்தனை உப்பும் கழிவு நீரில்தான் வெளியே வரும். நொய்யல் ஆற்றை அழித்தது இந்தக் கழிவுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு அவை மாறவேண்டி வந்ததும் இதனால்தான். மற்ற எந்த நிறத்தையும்விடக் கறுப்பைப் பார்த்து வாங்கவேண்டும், வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு அதிசயம் நம் ரயில் பாதையிலேயே இருக்கிறது! தாம்பரத்தில் பீச் வண்டி ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். 1863 மே 30-ஆம் தேதி அங்கேதான் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்துக்குக் கிடைத்த முதல் சாட்சி அது. அதே 1863-ல், கடல் கடந்து இங்கிலாந்தின் அக்ரிங்டனில், ஜான் லைட்ஃபுட் என்ற சாயத் தொழில்காரர் அனிலின் பிளாக் என்ற புதுக் கறுப்புக்குக் காப்புரிமை வாங்கினார்! அதுவரை உலகம் மரப்பட்டையையும் காயையும் கட்டையையும் நம்பித்தான் கறுப்பு போட்டுக்கொண்டிருந்தது. லைட்ஃபுட்டின் முறையில் சாயத்தைத் துணிக்கு வெளியே தயாரிப்பதே இல்லை. அனிலின் கரைசல் நூலுக்குள் ஊறி, உள்ளேயே ஆக்சிஜன் ஏறி, அங்கேயே கறுப்பாகப் பிறக்கும்! அது பாலிஅனிலின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாலிமர். பின்னாளில் அந்தக் குடும்பத்திலிருந்துதான் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் ஒன்று வந்தது. அத்தகைய பாலிமர்களைக் கண்டறிந்ததற்காக 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசே கொடுத்தார்கள்!

அந்த அனிலின் பிளாக்கை முற்ற வைக்கப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று டைக்ரோமேட், அதாவது குரோமிய உப்பு. கம்பளியில் லாக்வுட் கட்டைக் கறுப்பு பிடிக்கவும் அதே குரோமியம்தான். பல்லாவரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் வருகிற குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் லெதர் கம்பெனியில் தோல் பதனிடப் பயன்பட்டதும் குரோமிய உப்புதானே! தினமும் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போகிறோம்.

இனி நம் கறுப்புக்கு வருகிறேன். கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கையால் கலம்காரி வரைகிறார்கள். கருப்பூர்க் கலம்காரி என்று 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கலை. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் உடுத்திய கொடாலிக் கருப்பூர்ச் சேலையும் அந்த வட்டாரத்தில் பிறந்ததுதான். கலம்காரியில் கறுப்புக் கோடு எப்படி விழுகிறது தெரியுமா? துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டுப் புளிக்க வைத்து ஒரு கரைசல் எடுக்கிறார்கள். பார்க்க வெறும் மங்கல் நீர். கலம் என்ற மூங்கில் எழுதுகோலை அதில் தோய்த்துத் துணியில் வைத்த அந்தக் கணமே, தொட்ட இடம் கறுக்கிறது! கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்தித்த இடத்தில் கறுப்பு. சாயம் என்று எதையும் பூசவே இல்லை!

ஆனால் அந்தக் கறுப்புக்கு ஒரு பசி உண்டு. இரும்பு நாளடைவில் நூலையே அரிக்கும். பழைய கலம்காரிகளில் மற்ற நிறமெல்லாம் உறுதியாக நிற்க, கறுப்புக் கோடு மட்டும் இற்றுத் துளையாகியிருப்பதைக் காணலாம். அமெரிக்காவின் 19-ஆம் நூற்றாண்டு க்வில்ட்களிலும் இதே கதைதான். இரும்பு சேர்த்துச் சாயமேற்றிய பழுப்பும் கறுப்பும் பொடிந்து உதிர, பக்கத்துச் சிவப்பு புதிதாக இருக்கும்! நவீனக் கறுப்பு தப்பித்ததா என்றால் அதுவும் முழுசாக இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து, மலிவு என்பதால் இன்றும் ஏராளமாக ஓடுகிற சல்ஃபர் பிளாக், துணியைச் சரியாக அலசாமல் விட்டால் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து மெதுவாக அமிலம் கக்கும். அலமாரியில் மடித்து வைத்த துணி மடிப்பிலேயே கிழியும். சென்னையின் புழுக்கத்துக்கு இது நன்றாகவே ஒத்துப்போகும் வியாதி! பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்துத் தைக்கிற போர்வைக்கு விலை மலிந்த கறுப்பை எடுக்காதீர்கள். எடுத்தாலும் இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே வெட்டுங்கள்.

பாரிஸில் கறுப்புக்காக ஒரு புகார் எழுந்து, அதிலிருந்து ஓர் அறிவியல் விதியே பிறந்த கதை தெரியுமா? 1824-ல் மிஷேல் செவ்ரூல் என்ற வேதியியலாளர் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். ‘உங்கள் கறுப்புக் கம்பளி சரியில்லை, நீலத் திரைச்சீலைகளுக்கு நிழலாக வைத்து நெய்தால் மங்கிப்போகிறது’ என்று நெசவாளர்கள் குறை சொன்னார்கள். செவ்ரூல் மற்ற ஊர்களின் சிறந்த கறுப்புகளை வரவழைத்து ஒப்பிட்டார். தன் கறுப்பில் ஒரு குறையும் இல்லை! குறை பக்கத்தில் இருந்த நிறத்தில்! நீலத்தின் அருகே வைத்த கறுப்பின்மேல் அதன் எதிர் நிறமான ஆரஞ்சுச் சாயல் ஏறுவதாகக் கண் ஏமாறுகிறது, கறுப்பு பழுத்துத் தெரிகிறது. பல ஆண்டுகள் இதையே துருவி, 1839-ல் நிறங்களின் ஒருங்கு முரண் விதியைப் புத்தகமாக்கினார். ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தார்கள்.

துணிக் கடையில் நிற்கும் நமக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது! வீட்டில் இருக்கும் பிரிண்ட் துணிகளின் சின்னச் சின்னத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கறுப்புத் தானை விரித்து அதன்மேலேயே அவற்றைப் பரப்புங்கள். நீலமும் ஊதாவும் நிறைந்த போர்வைக்கு நீலச் சாயலுள்ள கறுப்பு நின்று பேசும். பழுப்புச் சாயல் கறுப்பை அங்கே வைத்தால் பழைய குடைத்துணிதான். மஞ்சள், செங்கல், கடுகு நிறங்களோடு அதே பழுப்புக் கறுப்பு அவ்வளவு கதகதப்பாகச் சேர்ந்துகொள்ளும். நல்ல கறுப்பு எது என்று தனியாகக் கேட்டால் பதில் இல்லை. எதன் பக்கத்தில் என்று கேட்டால் உடனே பதில் உண்டு.

கறுப்பு தன் பக்கத்து நிறத்தை எப்படி எரிய வைக்கும் என்று பார்க்கவேண்டுமானால் ஒஹாயோவின் ஆமிஷ் மக்களின் பழைய க்வில்ட்களைப் படத்திலாவது பாருங்கள். பூ கிடையாது, பிரிண்ட் கிடையாது, வெறும் ஒற்றை நிறத் துணிகள், நடுவே கறுப்பு. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் க்வில்ட்களை ஓவியம் மாட்டுவதுபோல் சுவரில் மாட்டி வைத்ததும் கலை உலகமே திரும்பிப் பார்த்தது. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைச் சால்வையில் சிவப்பையும் கறுப்பையும் மட்டும் வைத்து நூலை எண்ணி எண்ணிப் பூவேலை செய்கிறார்களே, அங்கேயும் கறுப்பின் வேலை அதேதான்.

பச்சைக் குழந்தைக்குக் கறுப்பில் போர்வையா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பிறந்த குழந்தைக்கு முதலில் பிடிபடுவதே கறுப்பு-வெள்ளைதான், தெரியுமா! 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் வெற்று நிறங்களைவிடக் கறுப்பு-வெள்ளை வடிவங்களையே அதிக நேரம் பார்க்கின்றன என்று காட்டினார். நம்மூரில் சில குடும்பங்களில் வளைகாப்புக்குக் கறுப்புப் புடவை கட்டுவதே வழக்கம். பிள்ளையின் கன்னத்தில் வைப்பதும் கறுப்புப் பொட்டுதான். ஆக, கறுப்பு-வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு சின்னப் போர்வை தைத்துக் கொடுங்கள், பாட்டி சமாதானமாகிவிடுவார்!

ஆனால் கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை என்றதுமே வயிறு கலங்கும். சாயம் போனால்? அதற்கு ஆய்வகத்தில் க்ராக் மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. ஒரு விரல் போன்ற முனையில் வெள்ளைத் துணி கட்டி, சாயத் துணிமேல் முன்னும் பின்னும் பத்துத் தடவை தேய்க்கும். பிறகு அந்த வெள்ளையில் ஒட்டிய கறையைச் சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். ஐந்துதான் முதல் வகுப்பு. அடர் கறுப்பு ஈரத்தில் ஐந்து வாங்குவது அபூர்வம்! இதையே நீங்கள் கடையில் செய்யலாம். வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு மூலையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, துணியின் கரையோரம் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். லேசான சாம்பல் பட்டால் பயமில்லை, இரண்டு அலசலில் அடங்கும். கைக்குட்டை கறுத்தே போனால் ‘கியாரண்டி கலர்’ என்று யார் சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். (1950-களின் கடைசியில் நம் மெட்ராஸ் கட்டத் துணி அமெரிக்கா போனபோது, சாயம் போவதையே சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றார்கள்! க்வில்ட் தைப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.)

உப்பும் வினிகரும் போட்டு ஊற வைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். ரியாக்டிவ் கறுப்புக்கு இது எடுபடாது. சாயம் நூலோடு கெட்டியாகப் பிணைந்துவிட்டால் அது போகவே போகாது. வெளியே வருவது, பிணையத் தவறி நூலிடுக்கில் சும்மா தங்கிய மிச்சம். அதைத் தங்க வைப்பதில் என்ன லாபம், வெளியேற்றத்தான் வேண்டும்! நல்ல சுடுநீர், கொஞ்சம் சோப்புத்தூள், தண்ணீர் தெளியும்வரை அலசல். நல்ல தண்ணீராகப் பார்த்து அலசுங்கள். நம் பக்கத்தில் பல தெருக்களில் போர்வெல் தண்ணீர் கடினம், அதில் சோப்புப் போட்டால் வெண்படலம் படிந்து, கறுப்புதான் முதலில் சோபை இழக்கும். சாயம் போய்விட்டது என்று நினைப்போம், உண்மையில் மேலே படிந்தது உப்பும் சோப்பும்! மெட்ரோ வாட்டரோ மழைத் தண்ணீரோ கிடைத்த நாளில் கறுப்பை அலசி நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி எப்போதும் பின்பக்கம்தான், முன்பக்கம் போட்டால் பளபளவென்று தடம் விழும்.

எந்த ரகம் எடுப்பது? என் வாக்கு நெருக்கமாக நெய்த பாப்ளினுக்கும் காம்பிரிக்குக்கும்தான். டூ பை டூ ரூபியா, பாவிலும் ஊடையிலும் இரட்டை முறுக்கு நூல் போட்டு நெய்தது, ஜாக்கெட்டுக்கு அருமை. க்வில்டுக்கு அது மெல்லிசு. வெட்டினால் ஓரம் பிரியும், உள்ளே மடித்த தையல் வெளியே நிழலாடும். அதைவிட வம்பு, நடுவே வைத்த வெள்ளைப் பஞ்சின் இழைகள் ஊசித் துளை வழியாக ஒவ்வொன்றாக வெளியே முளைத்துக் கறுப்புமேல் பூஞ்சை மாதிரி நிற்கும்! கறுப்புப் போர்வைக்கென்றே கறுப்புப் பஞ்சு விற்கிறார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாலியெஸ்டர் கலப்பா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணி கட்டும்.

கடைசியாக வைத்திருக்கும் ஆச்சரியம் அனகாபுத்தூருடையது. பல்லாவரத்துக்கு மேற்கே, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். அங்கே தறிகள் நிறைந்திருந்த காலத்தில் நெய்தது ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சிஃப்’ என்ற கட்டம் போட்ட கைத்தறித் துணி. போனது எங்கே தெரியுமா? நைஜீரியாவுக்கு! அந்த நாட்டின் நைஜர் கழிமுகத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். மெட்ராஸ் துணியை இஞ்சிரி என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்புச் சடங்கு வரை உடுத்துகிறார்கள். அதோடு விடவில்லை. கலபாரிப் பெண்கள் பிளேடு முனையையோ ஊசியையோ வைத்து, துணியின் வெளிர் நிற இழைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அறுத்து, உருவி எடுக்கிறார்கள்! இருண்ட இழைகள் மட்டும் மிஞ்சி, நம் கட்டத்துக்குள்ளிருந்து இன்னொரு வடிவம் வலைபோல் எழும்புகிறது. பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். நாம் துண்டுகளைச் சேர்த்து வடிவம் காண்கிறோம், அவர்கள் நூலைக் கழித்து வடிவம் காண்கிறார்கள்! நைஜீரிய ஏற்றுமதி நின்றபின் தறிகள் வெகுவாகக் குறைந்தாலும், அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநார், சணல் என்று இயற்கை நார்களில் சேலை நெய்து ஊர்ப் பெயரை மறுபடி பேச வைத்தார்கள். க்வில்டின் ஓரத்துக்கு ஒரு முழம் கைத்தறி வேண்டுமென்றால் அங்கே போய்க் கேளுங்கள்.

வாங்கும் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை முதல் தேதியை ஒட்டி ஐயப்ப பக்தர்களுக்காகக் கடை கடையாகக் கறுப்பு வந்து குவியும். வேட்டித் துணியும் சட்டைத் துணியும்தான் அதிகம் என்றாலும், பிளைன் கறுப்புத் தான்களில் ரகம் பார்த்துத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல மாதம் இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிட்டுத் துணி கிடைக்கும், சின்னக் கட்டங்களுக்கு அது போதும். முழுப் போர்வைக்கு வேண்டாம், ஒரே லாட் கிடைக்காது.

கடையில் முதலில் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தைக் கேளுங்கள். 44 அங்குலமா, 36-ஆ என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறும். ஒற்றைக் கட்டிலுக்கான 60-க்கு 90 அங்குலப் போர்வையைச் சுற்றி ஓரப் பட்டி கட்ட, 44 அங்குலப் பன்னாவில் இரண்டரை அங்குலப் பட்டி எட்டு வேண்டும். அதற்கு அரை மீட்டரும் கொசுறாக ஒரு சாணும் போதும். கட்டங்களுக்கு நடுவே ஓடும் பட்டைக்கும் அடித்துணிக்கும் தனியாகக் கணக்குப் போட்டு, சுருங்குவதற்கு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் கூட்டி, மொத்தத்தையும் ஒரே தானிலிருந்து, ஒரே நாளில் வெட்டி வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி போனால் அதே கடையில், அதே பெயரில், அதே விலையில், வேறு கறுப்புதான் கிடைக்கும்!